பத்தொன்பதாவது ஆள்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் அது. நெடுங்கேணியிலிருந்து சில மைல் உள்ளே, காட்டை வெட்டித் திறந்த ஒரு குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் அப்போது நான் இருந்தேன். வயது இருபத்தேழு. மூன்று ஏக்கர் வயல், மண்சுவர் வைத்த கொட்டில், ஒரு பழைய சைக்கிள். அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள் எல்லோரும் பெண்சாதி, பிள்ளை, ஆடு, கோழி என்று வந்திறங்கினார்கள். நான் ஒரு தகரப் பெட்டியோடு வந்தேன்.

என் சுபாவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் எதற்கும் பயப்படுகிறவன். கொட்டிலைப் பூட்டிவிட்டு வயல்வரை போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். பத்து மணி பஸ்ஸுக்கு எட்டரைக்கே போய் நிற்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதனால் நாலு பேர் கூடியிருந்தால் அங்கே வாய் திறக்க இன்னும் பயம். பிழையாக ஏதும் சொல்லிவிட்டால் சிரிப்பார்களே என்று ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் ஊருக்குள் இருந்தும் ஊரில் இல்லாதவன் மாதிரி ஆகிவிட்டேன். சில நாட்களில் பொழுதுபடும்போதுதான் நினைவு வரும், இன்றைக்கு விடிந்ததிலிருந்து ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று.

பக்கத்துக் காணிக்காரரோடு மட்டும் பேச்சு உண்டு. பேச்சென்றால் சண்டை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், உரத்த குரல்காரர். வாய்க்காலில் என்னுடைய முறைத் தண்ணீரை அரை மணி நேரம் முந்தியே தன் வயலுக்குத் திருப்பிவிடுவார். நான் மெல்ல, "அண்ணை, இன்னும் என்ரை முறை முடியேல்லை" என்பேன். "ஐசே, உன்ரை பயிர் உன்னைப் பார்த்துத்தான் வளருது. அது தலையெடுக்கிற நேரம் எனக்கு அறுவடை முடிஞ்சிடும்" என்பார். அவருக்கு யாரும் 'ஐசே'தான், பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்.

அந்த வருடம் எங்கள் சனசமூக நிலையத்துக்குப் புதுக் கட்டிடம் எழும்பியது. திறப்பு விழாவுக்கு ஓட்டம், கயிறிழுத்தல் எல்லாம் வைப்பதென்று பேச்சு. வாய்க்கால் வேலைகளைப் பார்க்கும் ஓவசியர் இளம் ஆள். எங்கேயோ பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு புதுப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கையில் வரைபடம் ஒன்றும் திசைகாட்டி ஒன்றும் கொடுத்துக் காட்டுக்குள் விட்டுவிடுவார்களாம். படத்தில் குறித்திருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து, முதலில் திரும்பி வருகிறவர்களுக்கு வெற்றியாம். அவர் அதைத் 'திசை தேடும் போட்டி' என்றார். சனங்கள் 'காட்டோட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பரிசு இரண்டு புது மண்வெட்டி. காடு வெட்டிக் கழனியாக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்! ஒன்பது சோடி, பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். பக்கத்துக் காணிக்காரர் முதல் ஆள்.

ஓவசியர் ஒருநாள் என் கொட்டிலுக்கே வந்துவிட்டார். "நீர் முந்தி நில அளவைக்காரரோடை சங்கிலி பிடிச்சனீர் எண்டு கேள்விப்பட்டன். உமக்குப் படம் பார்க்கத் தெரியும். இடங்களை நீர்தான் தெரிஞ்சு குறிச்சுத் தரவேணும்" என்றார்.

உண்மைதான். காணி கிடைக்குமுன் இரண்டு வருடம் அளவைக்காரர்களோடு இந்தக் காடெல்லாம் சங்கிலி இழுத்துத் திரிந்திருக்கிறேன். ஆனால் அந்த ஊரில் என்னைத் தேடி வந்து என்னால்தான் முடியும் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஓம் ஐயா" என்றுவிட்டேன். அவர் வேலிப் படலையைத் தாண்டுமுன்பே பயம் பிடித்துக்கொண்டது.

அடுத்த பத்து நாளும் எனக்கு வேறு வேலையில்லை. எட்டு இடங்களைத் தெரிந்தேன். ஒவ்வொரு இடத்திலும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய வெறும் பால் தகரப் பேணி ஒன்றை மரத்தில் கட்டினேன். பேணிக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்தைப் போட்டிக்காரர்கள் தங்கள் அட்டையில் எழுதிக்கொண்டு வரவேண்டும். ஏழு பேணிக்குக் காவல் தேவையில்லை. எட்டாவதுதான் தூரத்தில், காட்டுக்குள் இருந்த ஒரு கைவிடப்பட்ட குளக்கட்டில். அங்கே நானே இருந்து, வருகிறவர்களின் அட்டையில் கையெழுத்து வைத்து, திரும்பும் வழியைக் காட்டி அனுப்புவதென்று ஏற்பாடு. எனக்குக் கையெழுத்தென்று ஒன்று ஒழுங்காக இருக்கவில்லை. ஒன்பது அட்டையில் வைக்கவேண்டுமே என்று கடதாசி வாங்கி வந்து பழகினேன்.

காட்டுக்குள் போகும்போது எனக்கொரு பழக்கம். வன்னியில் பழைய ஊர்க்காரர்கள் காட்டுக்குள் நுழையுமுன் இலையோடு ஒரு சின்னக் குழையை முறித்து மரத்தடியில் வைத்து ஐயனாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் கால் வைப்பார்கள். நுழையும்போது ஒரு குழை. அதுதான் வழக்கம். எனக்கு ஒன்று போதாது. பாதை பிரிகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு குழை முறித்து வைத்தால்தான் மேலே நடக்கக் கால் எழும்பும். பக்கத்துக் காணிக்காரர் விறகுக்கு வந்த நேரம் இதை ஒருநாள் பார்த்துவிட்டார்.

"என்ன ஐசே, மரத்துக்கு மரம் குழை வைக்கிறாய்? யானைக்குப் பந்தி போடுறியோ?" என்று கேட்டுவிட்டு, அதைக் கடையிலும் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறார். பிறகு கொஞ்ச நாள் என்னைக் கண்டால் ஆளாளுக்கு ஒரு குழையை முறித்து நீட்டினார்கள். நான் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய்விடுவேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. முதல்நாள் சனி பின்னேரம் எல்லோரையும் ஓவசியர் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார், விதிகளைச் சொல்ல. எனக்கும் சொன்னார். கூட்டமென்றால் எனக்கு ஆகாதே. பேணிகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவரப் போவதாகச் சாக்குச் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டேன்.

எட்டாவது இடத்துக்குப் போனபோது நெஞ்சு பக்கென்றது. அந்தக் குளத்தில் மிஞ்சிக் கிடந்தது ஒரு சேற்றுக் குட்டைதான். அதன் ஓரமெல்லாம் யானைக் காலடி. லத்தி இன்னும் காயவில்லை. ஆடி வெயிலுக்கு மற்ற நீர்நிலையெல்லாம் வற்றிவிட்டதால் இங்கே வரத் தொடங்கியிருக்கின்றன. நாளைக்குப் பதினெட்டுப் பேர் இங்கே வரப்போகிறார்கள். அதிலே பிள்ளைகுட்டிக்காரர் எத்தனை பேர்! ஒருவரை யானை அடித்தால்? இடத்தைக் குறித்தது ஆர் என்றுதானே கேட்பார்கள்?

பேணியை அவிழ்த்தேன். மேற்கே அரை மைல் தள்ளி, மேட்டில் தனியாக நின்ற ஒரு பெரிய பாலை மரத்தில் கொண்டுபோய்க் கட்டினேன். அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

திரும்பி வந்தபோது பொழுது பட்டுவிட்டது. சனசமூக நிலையத்தில் ஒருவரும் இல்லை. சுவரில் பெரிய வரைபடம் தொங்கியது. போட்டி தொடங்குமுன் ஒவ்வொரு சோடியும் அதைப் பார்த்துத் தங்கள் கடதாசியில் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும், அதுதான் ஓவசியர் முதலில் சொன்ன விதி. எட்டாவது வட்டத்தை அழித்தேன். புது இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டேன். இரண்டு தரம் அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது.

வரும் வழியில் ஓவசியர் வீட்டுப் படலையடியில் நின்றேன். உள்ளே விளக்கு எரிந்தது. கூட்டம் இன்னும் கலையவில்லை. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காணிக்காரரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. உள்ளே போய், "எட்டாவது இடம் மாறியிருக்கு" என்று சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? படலையில் கையை வைத்தேன். நான் நுழைந்ததும் சிரிப்பு நிற்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், யாராவது ஒரு குழையை நீட்டுவார்கள் என்று நினைத்தேன். படத்தில்தான் குறித்துவிட்டேனே, காலையில் பார்ப்பார்கள்தானே என்று கையை எடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிரவுச் சாப்பாடு உப்பில்லாமல் இருந்தது. போடாமல் விட்டது நான்தான்.

ஞாயிறு, வெளிச்சம் வந்ததும் யாருக்கும் முன்னே காட்டுக்குள் போனேன். வழக்கம்போலப் பிரிவுக்குப் பிரிவு குழை வைத்தேன். பாலை மரத்தடியில் போய் அமர்ந்தேன். ஒரு போத்தல் தண்ணீர், கொஞ்சம் அவல், பென்சில், ஓவசியர் தந்த விசில். ஏழு மணிக்கு முதல் சோடி புறப்படும், ஒன்பது மணிக்குள் என்னிடம் வரவேண்டும். என்னிடம் மணிக்கூடு இல்லை. மரத்தின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணி நிழல் வந்தது. ஒருவரும் வரவில்லை. பத்து மணியும் ஆயிற்று. பேணியை நிமிர்த்திக் கட்டினேன். கீழே விழுந்து கிடந்த பாலைப்பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டபோதுதான் மரத்தைக் கவனித்தேன். அடிமரத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே வரை நகக்கீறல். பாலைப்பழம் என்றால் கரடிக்கு உயிர். அது எனக்குத் தெரியாததல்ல. யானைக்குப் பயந்த அவசரத்தில் அதை நினைக்கவே இல்லை. யானையிடமிருந்து எல்லோரையும் காப்பாற்றிக் கரடிக்குக் கொண்டுவந்திருக்கிறேன்!

அதன்பிறகு உட்கார முடியவில்லை. மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உச்சி வெயிலும் வந்தது. பன்னிரண்டு மணியோடு போட்டி முடிய வேண்டும். ஒரு சோடிகூட வரவில்லை. ஒன்றிரண்டு பேர் வழி தவறலாம். பதினெட்டுப் பேருமா?

அந்தப் பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். கயிறிழுத்தலுக்குத் தலைவனாக நின்ற தடித்த ஆளுக்குப் போன மாதம்தான் மூன்றாவது பிள்ளை. கடைக்காரரின் மருமகனுக்கு இரவில் கண் மங்கல். சைக்கிள் திருத்துகிறவர் வெயிலில் நின்றால் மயங்குவார். பக்கத்துக் காணிக்காரருக்கு இடது முழங்கால் மடியாது. இவர்களோடு நான் பேசியதே இல்லை. ஆனால் எல்லாம் தெரிந்திருந்தது. ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்த வருடங்களில் இவ்வளவையும் சேர்த்து வைத்திருக்கிறேன். பதினெட்டு, பதினெட்டு என்று விரலை மடக்கி மடக்கி எண்ணினேன்.

எழும்பிப் போய்த் தேடலாம். ஆனால் நான் ஒரு பாதையால் போக, களைத்து விழுந்தவர்கள் மறுபாதையால் இங்கே வந்து ஆளைக் காணாவிட்டால்? இருக்கவும் பயம், போகவும் பயம். விசிலை வாயில் வைத்தேன். சத்தத்துக்குக் கரடி வருமோ என்று ஒரு சின்ன ஊதல், எனக்கே கேட்டதோ தெரியாது. தண்ணீரில் ஒரு மிடறு குடித்துவிட்டு மிச்சத்தை அவர்களுக்கென்று வைத்தேன்.

நிழல் கிழக்கே நீளத் தொடங்கியது. காடு அந்த நேரத்தில் ஒரு மாதிரி அடங்கிப்போகும். ஒரு குருவிச் சத்தமும் இல்லை. பேணி மட்டும் காற்றுக்கு மரத்தில் தட்டித் தட்டி ஆடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பேணியோடு பேசினேன். "ஆரும் வரமாட்டினமோ?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நாலு மணியிருக்கும். தூரத்தில் ஒரு கூவல் கேட்டது. மனிதக் குரல்! அவர்கள்தான், உயிரோடிருக்கிறார்கள்! எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ தெரியாது. விசிலை ஊதினேன் பாருங்கள், கன்னம் நொந்துபோகும்வரை. பிறகு கத்தினேன்.

"பயப்பிடாதையுங்கோ! அங்கேயே நில்லுங்கோ! நான் வாறன்!"

மரங்களுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது: "பயப்பிடாதை ஐசே! அங்கேயே நில்! நாங்கள் வாறம்!"

எனக்கு விளங்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதிரே ஐந்தாறு பேர், கையில் கத்தி, கோடாலி, ஒருவர் கையில் தட்டிச் சத்தம் போடத் தகரம். முன்னால் மடியாத முழங்காலை இழுத்துக்கொண்டு பக்கத்துக் காணிக்காரர். கையில் ஒரு பிடி வாடிய குழை.

"அண்ணை, எல்லாரும் சுகமோ? பதினெட்டுப் பேரும் இருக்கினமோ? இந்தாங்கோ, தண்ணி குடியுங்கோ" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்களுக்கென்ன? பன்னிரண்டு மணிக்கே எல்லாரும் சோறு திண்டாச்சு. உன்னைத்தான் காணேல்லை."

நடந்தது பிறகுதான் தெரிந்தது. சனி பின்னேரம் கூட்டத்திலேயே ஓவசியர் விதியை மாற்றியிருக்கிறார். காலையில் நேரம் போய்விடும் என்று படத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் எல்லோரையும் அப்போதே பார்த்து வரைந்துகொள்ளச் செய்துவிட்டு, படத்தைத் திரும்பச் சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறார். நான் வந்து வட்டத்தை அழித்தது அதன் பிறகு. காலையில் அந்தப் படத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. படலையில் வைத்த கையை எடுக்காமல் உள்ளே போயிருந்தால், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்களின் மடியிலே அந்தப் பிழையான கடதாசிகளைக் கண்டிருப்பேன்.

ஒவ்வொரு சோடியும் சேற்றுக் குட்டைக்கு வந்திருக்கிறது. பேணியும் இல்லை, ஆளும் இல்லை. திரும்பிப்போய், "அவன் பயத்திலை ஓடிட்டான்" என்று சிரித்திருக்கிறார்கள். ஓவசியர் பெயர்களைப் பார்த்து, பதினெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள், போட்டி முடிந்தது என்று புத்தகத்தை மூடியிருக்கிறார்.

"நான் சொன்னன், காட்டுக்குள்ளை போனது பத்தொன்பது எண்டு," என்றார் பக்கத்துக் காணிக்காரர். "உன்ரை கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தன். பூட்டிக்கிடக்கு. சைக்கிள் நிக்குது. பூட்டை ரெண்டு தரம் இழுத்தும் பார்த்தன், நீ பார்க்கிற மாதிரி. அப்பவே விளங்கிட்டுது, நீ காட்டுக்குள்ளைதான் எண்டு. குட்டையடியிலை யானை லத்தி. எனக்கு நெஞ்சு தண்ணியாப் போச்சு."

"எப்பிடி அண்ணை இங்கை வந்தனீங்கள்?"

கையிலிருந்த குழைப் பிடியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீ போட்ட பந்தியைப் பார்த்துத்தான். பாதை பிரியிற இடமெல்லாம் இண்டைக்கு முறிச்ச குழை. இந்தக் காட்டிலை இப்பிடிப் பயந்து சாகிறவன் வேறை ஆர் இருக்கிறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முகத்தைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. பக்கத்துக் காணிக்காரர் மறுபக்கம் திரும்பி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மடியிலிருந்து கசங்கிய அட்டையை எடுத்தார். "இந்தா, கையெழுத்தை வை. எட்டாவது பேணியைக் கண்டுபிடிச்சது நான்தானே?"

பத்து நாள் பழகிய கையெழுத்து. ஒரு கோணல் கோடாக விழுந்தது. அன்று நான் வைத்தது அந்த ஒன்றுதான்.

காட்டோரத்தில் ஊரே நின்றது. ஓவசியர் என் கையைப் பிடித்து, "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு, "நானும் உமக்குச் சொல்லேல்லைத்தான்" என்று குரலைத் தாழ்த்தினார். பக்கத்துக் காணிக்காரரின் மனைவி மூடிவைத்த சோற்றுக் கோப்பையோடு வந்தவர், எல்லோர் முன்னிலும் என்னை வெளுத்து வாங்கினார். "சொல்லிப்போட்டுப் போக வாயில்லையே உமக்கு? இந்த மனிசன் மத்தியானம் வாயிலை வைச்ச சோத்தைத் துப்பிப்போட்டு ஓடினது தெரியுமே?" அம்மா போன பிறகு என்னை அப்படி ஏசியவர் ஒருவருமில்லை. அந்தச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

நேரம் கடந்துவிட்டதால் அந்தக் கையெழுத்து செல்லாது என்று ஓவசியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மண்வெட்டி இரண்டும் சனசமூக நிலையத்துக்கே போயின. பக்கத்துக் காணிக்காரருக்கு அதில் சாகும்வரை ஆறவில்லை. அடுத்த கிழமையே என் முறைத் தண்ணீரை வழக்கம்போல அரை மணி முந்தித் திருப்பினார். நான் போய், "அண்ணை, இன்னும் என்ரை முறை முடியேல்லை" என்று சொன்னபோது, "என்ரை மண்வெட்டிக்கு நீ இன்னும் பதில் சொல்லேல்லை" என்றார். இந்த முறை நானும் விடவில்லை. மத்தியானம்வரை வாய்க்கால் கட்டில் நின்று இருவரும் கத்தினோம்.

என் பயம் போய்விட்டதென்று சொன்னால் அது பொய். இன்றைக்கும் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறேன். கூட்டத்தைக் கண்டால் இன்றைக்கும் படலையடியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன், ஆனால் போகிறேன். அந்த நாள் முழுவதும் மரத்தடியில் எத்தனை தரம் எண்ணியும் எனக்குப் பதினெட்டுக்கு மேலே ஏறவே இல்லை. பத்தொன்பது என்று எண்ணியவர் நான் தினமும் சண்டை பிடித்த மனிதர் என்பதை நினைக்கும்போது, என்னை விட்டுவிட்டு எண்ண இப்போதெல்லாம் எனக்கு மனம் வருவதில்லை.